டிவில "நோ சிக்னல்"னு வந்தா உடனே கேபிள் வாங்க ஓடாதீங்க: லேப்டாப்பும் டிவியும் எப்படி பேசிக்குதுன்னு ஒரு எளிய விளக்கம்

லேப்டாப்ப டிவியோட மாட்டினேன், படம் வரலன்னு யாராவது கேட்டா வர்ற பதில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கேபிள் போயிருக்கும் புதுசு வாங்குங்க, கோல்டு பிளேட்டட் வாங்குங்க, டிவி பழசு, விண்டோஸ மாத்திப் போடுங்க. இதுல ஒவ்வொண்ணும் யாருக்காவது ஒருத்தருக்கு சரியா இருந்திருக்கலாம், ஆனா படம் எந்த இடத்துல நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு யாரும் சொல்றதில்ல. அதனாலதான் ஜனங்க தேவையில்லாம கேபிள் மேல கேபிளா வாங்குறாங்க, ஒண்ணுமே ஆகாத லேப்டாப்ப ஃபார்மட் பண்ணி உள்ள இருந்த ஃபோட்டோவ எல்லாம் தொலைக்கிறாங்க. அது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். எச்டிஎம்ஐ ஒயர்ல, அதாவது லேப்டாப்பையும் டிவியையும் இணைக்கிற அந்தக் கேபிள்ல, படம் சும்மா ஒரு பக்கமா ஓடுறதில்ல, ஓடுறதுக்கு முன்னாடி லேப்டாப்பும் டிவியும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும், அந்தப் பேச்சுக்கு சில கட்டங்கள் இருக்கு. எந்தக் கட்டத்துல பேச்சு நின்னுச்சுன்னு கண்டுபிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சது, மிச்சம் இருக்கிற பாதி பெரும்பாலும் செலவே இல்லாம முடியும்.

மஞ்சள் பின் காலத்து பழக்கம்

டிவிடி பிளேயர் வெச்சிருந்தவங்களுக்கு அந்த சிவப்பு வெள்ளை மஞ்சள் பின் நல்லா ஞாபகம் இருக்கும். மஞ்சள்ல படம், சிவப்புலயும் வெள்ளையிலயும் சத்தம். பிளேயர் எதை அனுப்புதோ அது ஒயர் வழியா போகும், டிவி எதுவுமே கேட்காது, வந்ததக் காட்டும். பின் கொஞ்சம் லூசா இருந்தா படத்துல கோடு வரும், கலர் போயிடும், ஆனா ஏதோ ஒண்ணு தெரியும். ஆட்டிப் பார்த்தா சரியாகும். அந்தப் பழக்கம்தான் இன்னைக்கும் நம்ம கையில இருக்கு, எச்டிஎம்ஐ ஒயரையும் அதே மாதிரி ஆட்டிப் பார்க்கிறோம்.

எச்டிஎம்ஐயோட முதல் பதிப்பு 2002 டிசம்பர்ல வந்துச்சு. ஹிட்டாச்சி, பானசோனிக், பிலிப்ஸ், சோனி, தாம்சன், டோஷிபா, சிலிக்கான் இமேஜ்னு ஏழு கம்பெனி சேர்ந்து கொண்டு வந்தது. நாம சாதாரணமா பார்க்கிற அந்த எச்டிஎம்ஐ வாய்க்குள்ள 19 பின் இருக்கு. படத்தையும் சத்தத்தையும் கொண்டு போறதுக்கு சில பின், அது போக லேப்டாப்பும் டிவியும் பேசிக்கிறதுக்குன்னே தனியா சில பின். இந்தப் பேசுற பின்னுங்களப் பத்தி யாரும் சொல்றதே இல்ல, கோளாறுல பாதி அங்கதான் வருது.

அளவு கொடுத்தாதான் தைக்க முடியும்

டெய்லர் கடைக்கு போய் ஒரு சட்டை தைக்கணும்னா என்ன நடக்கும்? முதல்ல கடைக்கு ஆள் வரணும். வந்தவர் அளவு கொடுக்கணும், தோள் இவ்ளோ, கை இவ்ளோன்னு. அதப் பார்த்துதான் டெய்லர் துணிய வெட்டுவார். அளவு எழுதின சீட்டு தொலைஞ்சு போச்சுன்னா அவர் ஒண்ணு தைக்காம உக்காந்திருப்பார், இல்ல எல்லாருக்கும் பொதுவா ஒரு சைஸ்ல தைச்சுக் கொடுப்பார், அது போட்டா லூசா தொங்கும், இல்ல இறுக்கிப் பிடிக்கும்.

இங்க லேப்டாப்தான் டெய்லர், டிவிதான் அளவு கொடுக்கிறவர். நிறைய பேர் இத தலைகீழா நினைச்சுட்டு இருக்காங்க, லேப்டாப் அனுப்புறத டிவி வாங்கிக்கும்னு. இல்ல, டிவி முதல்ல "நான் இவ்ளோ பெரிசு, இந்த வேகம் வரைக்கும் தாங்குவேன், இந்த மாதிரி சத்தம் எனக்கு ஒத்துவரும்"னு சொல்லும், லேப்டாப் அதக் கேட்டுட்டுதான் படத்தத் தயார் பண்ணும்.

நிஜத்துல இது எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். கேபிள மாட்டின உடனே லேப்டாப் ஒரு பின் வழியா 5 வோல்ட் மின்சாரத்த டிவிக்கு அனுப்பும். டிவி அத வாங்கிட்டு இன்னொரு பின் வழியா "நான் இருக்கேன்"னு திருப்பி சொல்லும். இந்த திருப்பி சொல்ற ஏற்பாட்டுக்கு பேர் ஹாட் பிளக் டிடெக்ட். ஆள் கடைக்குள்ள வந்தாச்சுன்னு டெய்லருக்கு தெரியிற கட்டம் இது. இது நடக்கலன்னா லேப்டாப்பப் பொறுத்தவரை அங்க டிவியே கிடையாது, நீங்க எந்த செட்டிங்க மாத்தினாலும் ஒண்ணும் நடக்காது.

அடுத்தது அளவு சீட்டு. ஒவ்வொரு டிவிக்குள்ளயும், சில டிவில ஒவ்வொரு போர்ட்டுக்கும், அதாவது ஒயர் சொருகுற வாய்க்கும், தனித்தனியா, சின்னதா ஒரு தகவல் எழுதி வெச்சிருக்கும். அதுக்கு பேர் ஈடிஐடி. டிஸ்ப்ளேக்கான தரங்கள வகுக்கிற விஈஎஸ்ஏங்கிற அமைப்பு 1994ல கொண்டு வந்த ஏற்பாடு. அடிப்படையா வெறும் 128 பைட்தான், ஒரு எஸ்எம்எஸ் அளவுக்குக் கூட வராது, டிவிக்குன்னு மேல இன்னும் கொஞ்சம் சேரும். அதுக்குள்ள கம்பெனி யாரு, மாடல் பேர் என்ன, எத்தனை புள்ளி, வினாடிக்கு எத்தனை தடவை படம் மாறும், எந்த மாதிரி சத்தம் ஏத்துக்கும்னு எல்லாம் இருக்கும். லேப்டாப் இதப் படிச்சுட்டுதான் சரியான அளவுல படத்த அனுப்பும்.

கடைசியா ஒரு கட்டம் இருக்கு, அது எப்பவும் வராது. காசு கட்டி பார்க்கிற படம், சீரியல் மாதிரி காப்புரிமை உள்ளது ஓடுறப்ப மட்டும், நடுவுல யாரும் காப்பி அடிக்காம இருக்க ரெண்டு பேரும் ரகசிய சாவி பரிமாறிக்குவாங்க. இதுக்கு எச்டிசிபின்னு பேர், இன்டெல் உருவாக்கினது.

சுருக்கமா இதுவரைக்கும்: டிவி இருக்குன்னு தெரியணும், அளவு சீட்டு வந்து சேரணும், அதுக்கு ஏத்த படம் போகணும், தேவைப்பட்டா சாவி ஒத்துப்போகணும். "நோ சிக்னல்"ங்கிற எழுத்து இதுல எது நின்னுச்சுன்னு சொல்லாது.

முதல்ல பார்க்க வேண்டிய ஒரே இடம்

படம் வரலன்னா கேபிளத் தொடாதீங்க, லேப்டாப் ஸ்கிரீனப் பாருங்க. விண்டோஸ்ல டெஸ்க்டாப்ல ரைட் கிளிக் பண்ணி டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போங்க, மேக்ல சிஸ்டம் செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளேஸ், உபுண்டுலயும் செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளேஸ்தான். அங்க ரெண்டாவது ஸ்கிரீன் ஒண்ணு காட்டுதா, அதுல உங்க டிவியோட பேர் வருதா? விண்டோஸ்ல பேர் உடனே கண்ணுக்கு படலன்னா அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேங்கிற இடத்துக்குள்ள போய் பாருங்க.

இந்த ஒரு கேள்விக்கு நான் இவ்ளோ முக்கியத்துவம் கொடுக்கிறதுக்கு காரணம் இருக்கு. டிவி பேர் லேப்டாப்ல வருதுன்னா அந்தப் பேர் எங்க இருந்து வந்துச்சு? டிவிக்குள்ள இருந்த அளவு சீட்டுல இருந்து, கேபிள் வழியா. அப்ப ஹாட் பிளக் வேலை செய்யுது, ஈடிஐடி வந்து சேர்ந்திருக்கு, கேபிள்ல பேசுற ஒயருங்க நல்லா இருக்கு, ரெண்டு போர்ட்டும் அடியோட சாகல. ஒத்தப் பேர்ல இவ்ளோ தெரிஞ்சுடுது.

டிவியே காட்டலன்னா பேச்சு முதல் கட்டத்துலயே நின்னுடுச்சு. ரெண்டாவது ஸ்கிரீன் காட்டுது ஆனா பேருக்கு பதிலா "ஜெனரிக் நான் பிஎன்பி மானிட்டர்"னு வருதுன்னா, ஆள் வந்துட்டார் அளவு சீட்டு வரல. அப்பதான் 640க்கு 480, 1024க்கு 768னு அந்தக் காலத்து அளவுல படம் பெரிசு பெரிசா, மங்கலா வரும். லேப்டாப் பத்திரமா ஒரு பொது சைஸ்ல தைச்சுக் கொடுக்குதுன்னு அர்த்தம். இத கிராஃபிக்ஸ் கார்டு கோளாறுன்னு சொல்லிடுவாங்க, நம்பாதீங்க, முதல்ல கேபிளையும் நடுவுல இருக்கிற அடாப்டரையும் சந்தேகப்படுங்க.

டிவி பேரே வரலன்னா

ரிமோட்ல சோர்ஸ் பட்டன அமுக்கி, கேபிள் மாட்டியிருக்கிற அதே எச்டிஎம்ஐ நம்பர்ல டிவி இருக்கான்னு பாருங்க. ரொம்ப சாதாரண விஷயம்தான், ஆனா பின்னாடி மூணு போர்ட் இருக்கிற டிவிய செவுத்தோட ஒட்டி மாட்டியிருந்தா எதுல சொருகினோம்னு நமக்கே தெரியாது.

அடுத்தது டிவிய நிஜமாவே ஆஃப் பண்ணணும். ரிமோட்ல அமுக்கினா டிவி தூங்குது, அவ்ளோதான், உள்ள எச்டிஎம்ஐய கவனிக்கிற சிப்புக்கு கரண்ட் போயிட்டுதான் இருக்கும், அது எங்கயாவது மாட்டிக்கிட்டு நின்னுருந்தா அப்படியேதான் நிக்கும். சுவிட்ச் போர்டுல ஆஃப் பண்ணிட்டு ஒரு ரெண்டு நிமிஷம் விடுங்க. லேப்டாப்பையும் ஆஃப் பண்ணுங்க. டிவிய முதல்ல போட்டு, சரியான சோர்ஸ்ல வெச்சு, அப்புறம் லேப்டாப்பப் போடுங்க. ஏன் வேலை செஞ்சுதுன்னு தெரியாமயே நிறைய பேருக்கு இதுலயே சரியாயிடும், காரணம் இதுதான், பேச்சு முதல்ல இருந்து புதுசா ஆரம்பிக்குது.

இதுக்கும் வரலன்னா வீட்லயே ஒரு நல்ல சோதனைக் கருவி இருக்கு, செட் டாப் பாக்ஸ். அது எச்டிஎம்ஐல டிவிக்கு போகுதுன்னா அந்தக் கேபிளும் டிவியில அந்த போர்ட்டும் வேலை செய்யுதுன்னு ஏற்கனவே தெரியும். டிவி பக்கம் கைய வைக்காம, பாக்ஸ் பக்கம் இருக்கிற முனைய மட்டும் கழட்டி லேப்டாப்ல மாட்டுங்க. படம் வந்துச்சுன்னா உங்க பழைய கேபிளோ பழைய போர்ட்டோ தப்பு. வரலன்னா லேப்டாப் பக்கம்தான் பார்க்கணும். கடைக்கு போய் காசு கொடுத்து தெரிஞ்சுக்க வேண்டியத அஞ்சு நிமிஷத்துல வீட்லயே தெரிஞ்சுக்கலாம்.

லேப்டாப் பக்கம்னா டிரைவர். டிரைவர்னா கிராஃபிக்ஸ் சிப்ப எப்படி ஓட்டணும்னு விண்டோஸுக்கு சொல்ற சாஃப்ட்வேர். டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்ங்கிற இடத்துல இன்டெல், ஏஎம்டி, என்விடியான்னு பேர் வரணும். அதுக்கு பதிலா "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்"னு இருந்தா டிரைவர் இல்லாம ஒப்புக்கு ஓடிட்டு இருக்கு, லேப்டாப் கம்பெனி சைட்ல உங்க மாடலுக்கு இருக்கிறத எடுத்துப் போடுங்க. டிரைவர் சரியா இருந்தும் ஏதோ மாட்டிக்கிச்சுன்னு தோணினா விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூணையும் பிடிச்சுக்கிட்டு பி அமுக்குங்க, அதாவது ஆங்கிலத்துல ரெண்டாவதா வர்ற எழுத்து. ஸ்கிரீன் ஒரு தடவை கருப்பாகி திரும்ப வரும், டிரைவர் புதுசா கிளம்பும். எதுவும் அழியாது, பயப்பட வேணாம்.

டைப் சி ஓட்டைன்னாலே படம் வராது

இது தனியா சொல்லணும், அவ்ளோ குழப்பம் இருக்கு. டைப் சிங்கிறது ஓட்டையோட வடிவம் மட்டும்தான். அதுக்குள்ள என்ன ஓடும்ங்கிறது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். சிலதுல டேட்டா மட்டும், சிலதுல சார்ஜும் டேட்டாவும், சிலதுலதான் படமும் வெளிய வரும். படம் வர்ற ஏற்பாட்டுக்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடுன்னு பேர். ஓட்டை பக்கத்துல மின்னல் குறியோ, டிஸ்ப்ளேபோர்ட் குறியோ போட்டிருந்தா நல்ல அறிகுறி, ஆனா குறி போடாத லேப்டாப்பும் நிறைய, அதனால உங்க மாடல் நம்பர வெச்சு கம்பெனி சைட்ல பார்த்துடுங்க. அந்த வசதி இல்லாத ஓட்டையில எவ்ளோ விலை கொடுத்து டைப் சி டூ எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கி சொருகினாலும் ஒண்ணும் வராது. அதே மாதிரி ஃபோன் சார்ஜ் போடுற சாதாரண டைப் சி ஒயர்ல பெரும்பாலும் படத்துக்கான உள் ஒயரே இருக்காது.

பழைய லேப்டாப்ல நீல கலர்ல அகலமா இருக்கிற விஜிஏ மட்டும்தான் இருக்கும். ஐபிஎம் 1987ல கொண்டு வந்தது அது. அதுல போறது அனலாக், அதாவது ஏறி இறங்குற மின் அலை, எச்டிஎம்ஐல போறது டிஜிட்டல், பூஜ்யம் ஒண்ணு எண்ணுங்க. ஒண்ண இன்னொண்ணா மாத்த உள்ள ஒரு சிப் வேணும். ஒரு பக்கம் விஜிஏ ஒரு பக்கம் எச்டிஎம்ஐன்னு வெறும் ஒயரா விக்கிறத வாங்கினா காசு போச்சு, கன்வெர்ட்டர்னு கேட்டு வாங்கணும், அதுவும் எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம்னு சொல்லி வாங்கணும். விஜிஏல சத்தமும் வராது, அதனால கன்வெர்ட்டர்ல ஆடியோ ஒயர் இருக்கான்னு பாருங்க.

பேர் வருது, ஆனா டிவி கருப்பா இருக்கு

இப்ப கதை வேற. பேச்சு நடந்திருக்கு, லேப்டாப்தான் படத்த அனுப்பல, இல்ல டிவி தாங்காத அளவுல அனுப்புது.

அனுப்புதான்னு பார்க்க விண்டோஸ் கீயோட ஆங்கில எழுத்து பி, பிரின்ட்ல வர்ற பி, அத அமுக்குங்க. நாலு வரி வரும். பிசி ஸ்கிரீன் ஒன்லின்னா டிவிக்கு எதுவும் போகாது. டூப்ளிகேட்னா ரெண்டுலயும் ஒண்ணே தெரியும். எக்ஸ்டெண்ட்னா டிவி பக்கத்துல ஒட்டின இன்னொரு மேசை மாதிரி, சும்மா வால்பேப்பர் மட்டும் தெரியும், விண்டோவ இழுத்துப் போட்டாதான் அங்க போகும். செகண்ட் ஸ்கிரீன் ஒன்லின்னா டிவி மட்டும். எக்ஸ்டெண்ட்ல இருக்கிறப்ப "டிவில வெறும் படம் மட்டும் வருது, நான் திறந்தது எதுவும் வரல"ன்னு தவிக்கிறவங்க நிறைய, அது கோளாறே இல்ல. இன்னொண்ணு, பல டிவில ரிமோட்ல ஆஃப் பண்ணின பிறகும் அளவு சீட்டு லேப்டாப்புக்கு போயிட்டே இருக்கும், லேப்டாப் கொடுக்கிற அந்த 5 வோல்ட்லயே அது படிக்கப்பட்டுடும். அதனால டிவி ஆஃப்ல இருக்கு ஆனா மவுஸும் விண்டோவும் எங்கயோ காணாம போகுதுன்னா அது கண்ணுக்கு தெரியாத அந்த டிவிக்குள்ளதான் போய் நிக்குது. கேபிளக் கழட்டினா திரும்பி வந்துடும்.

"மோட் நாட் சப்போர்ட்டட்"னு டிவி எழுதிக் காட்டினா அனுப்புற அளவு டிவிக்கு ஒத்துவரல. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல டிவிய செலக்ட் பண்ணி 1920க்கு 1080, 60 ஹெர்ட்ஸ்னு வெச்சுப் பாருங்க. ஹெர்ட்ஸ்னா வினாடிக்கு எத்தனை தடவை படம் மாறுதுங்கிற கணக்கு. கேமிங் லேப்டாப் ஸ்கிரீன் 144 ஹெர்ட்ஸ் மாதிரி வேகத்துல ஓடும், வீட்டு டிவி பெரும்பாலும் 60தான், டூப்ளிகேட்ல ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு பிடிக்கிறதுல சிக்கல் வரும். டூப்ளிகேட்ல படம் மங்கலா இருக்கிறதுக்கும் இதே காரணம்தான், லேப்டாப் ஸ்கிரீன் அளவ டிவி மேல இழுத்து ஒட்டுது. படம் பார்க்க செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி போட்டுக்கோங்க, எழுத்து பளிச்சுன்னு இருக்கும். தப்பான அளவ வெச்சு எல்லாம் கருப்பாயிட்டாலும் கை வைக்காம காத்திருங்க, 15 வினாடில விண்டோஸ் பழையபடி மாத்திடும்.

சுருக்கமா: பேர் வந்து படம் வரலன்னா கேபிள் வாங்குறதுக்கு முன்னாடி அந்த நாலு வரிய மாத்திப் பாருங்க, அளவக் குறைச்சுப் பாருங்க.

படம் வருது, ஆனா மினுக்குது, விட்டு விட்டு போகுது

இங்கதான் கேபிள் நிஜமாவே குற்றவாளியா இருக்க வாய்ப்பு. ஒரு சாதாரண ஃபுல் எச்டி படத்துல சுமார் 20 லட்சம் புள்ளி, 4கேல சுமார் 83 லட்சம். இத வினாடிக்கு 60 தடவை அனுப்பணும். ஒயர்ல ஓடுற கணக்குப்படி ஃபுல் எச்டி 60 ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு சுமார் 4.5 ஜிகாபிட், 4கே 30க்கு சுமார் 9, 4கே 60க்கு சுமார் 18. எச்டிஎம்ஐயோட 1.4 பதிப்பு, 2009ல வந்தது, 10.2 வரைக்கும்தான் தாங்கும். 2013ல வந்த 2.0 தாங்குறது 18. 2017ல வந்த 2.1 தாங்குறது 48.

அப்ப 1.4 போர்ட் உள்ள லேப்டாப்ப புது 4கே டிவில மாட்டினா 4கே வரும், ஆனா 30 ஹெர்ட்ஸ்ல வரும், மவுஸ நகர்த்தினா இழுத்து இழுத்து வரும். லேப்டாப் ஸ்லோ ஆயிடுச்சுன்னு நினைப்பாங்க. ஃபுல் எச்டிக்கு இறக்கி 60 வெச்சா வழவழன்னு ஓடும்.

லேப்டாப்பும் டிவியும் 2.0 ஆனாலும் 4கே 60 வராம இருக்கலாம், ஏன்னா சில டிவில முழு வேகத்த அந்த போர்ட்டுக்கு நாமதான் திறந்து விடணும். சாம்சங்ல இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜில எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர், சோனில எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்ல என்ஹான்ஸ்டுன்னு இருக்கும். அத மாத்தினா டிவி கொடுக்கிற அளவு சீட்டே மாறுது, அதனாலதான் லேப்டாப் புது அளவுல அனுப்ப ஆரம்பிக்குது.

கேபிளுக்கு வருவோம். டிஜிட்டல்ல கேபிள் நல்லா இருந்தா படம் முழுசா வரும், அதுக்கு மேல எவ்ளோ விலை கொடுத்தாலும் கலர் கூடாது, கருப்பு இன்னும் கருப்பா ஆகாது. தங்க முலாம் துரு பிடிக்காம இருக்க உதவும், படத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கேபிள் திணறுறப்ப படம் மங்காது, வெள்ளை புள்ளி தெறிக்கும், இல்ல ஒரு வினாடி கருப்பாகி திரும்ப வரும். இதுதான் அடையாளம். உறுதியா தெரிஞ்சுக்க ரெசல்யூஷன, அதாவது படத்தோட புள்ளி அளவ, குறைச்சுப் பாருங்க, 4கேல மினுக்கி ஃபுல் எச்டில ஒழுங்கா ஓடினா கேபிளோ நடுவுல இருக்கிற அடாப்டரோ அந்த வேகத்த தாங்கல. வாங்குறப்ப 1.4, 2.0ங்கிற நம்பரப் பார்க்காதீங்க, அது கேபிளுக்கான நம்பர் இல்ல. கேபிள்ல பார்க்க வேண்டியது வகை: ஹை ஸ்பீடு, பிரீமியம் ஹை ஸ்பீடு, அல்ட்ரா ஹை ஸ்பீடு. 4கே 60க்கு பிரீமியம் போதும். பெட்டியில ஸ்கேன் பண்ற சான்று ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. நீளம் தேவைக்கு மேல வேணாம், ரெண்டு மீட்டர் போதும்னா ரெண்டு மீட்டர்தான் வாங்கணும்.

ஓரம் வெட்டுது, டாஸ்க்பார் தெரியல

இது ஓவர்ஸ்கேன். பழைய குண்டு டிவில ஓரத்துல படம் கோணலா இருக்கும், அத மறைக்க படத்தக் கொஞ்சம் பெரிசாக்கி ஓரத்த வெளிய தள்ளிடுவாங்க. தட்டை டிவிக்கு அது தேவையே இல்ல, இருந்தும் பழக்கம் விடல. டிவி மெனுல படத்தோட அளவு வர்ற இடத்துல எல்ஜில ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்ல ஃபிட் டு ஸ்கிரீன், சோனில ஃபுல் பிக்சல்னு இருக்கும். லேப்டாப்ல சரி பண்ணப் பார்க்காதீங்க, டிவில பண்ணுங்க, இல்லன்னா எழுத்து கலங்கிடும். அந்த இன்புட்டுக்கு பேர பிசின்னு மாத்த வழி இருந்தா மாத்துங்க, பல டிவில அதுக்கப்புறம் எழுத்து ஓரத்துல கலர் பிசிறு போயிடும்.

எல்லாம் வருது, ஓடிடி மட்டும் கருப்பு

டெஸ்க்டாப் தெரியுது, நீங்க எடுத்த கல்யாண வீடியோ ஓடுது, ஆனா நெட்ஃபிளிக்ஸ் போட்டா மட்டும் சத்தம் கேக்குது படம் கருப்பு. முன்னாடி சொன்ன சாவி பரிமாற்றம்தான் இது. லேப்டாப்ல இருந்து டிவி வரைக்கும் நடுவுல இருக்கிற ஒவ்வொரு பெட்டியும், ஸ்பிளிட்டரோ அடாப்டரோ சவுண்ட்பாரோ எதுவா இருந்தாலும், சாவிய ஒத்துக்கணும். ஒண்ணு தெரியாதுன்னு சொன்னாலும் படம் நிக்கும். நெட்ஃபிளிக்ஸ்ல 4கேக்கு எச்டிசிபி 2.2 வேணும், ஆரம்ப கால 4கே டிவி சிலதுல எல்லா போர்ட்டுலயும் அது இருக்காது, அதனால வேற போர்ட்ல மாத்திப் பாருங்க. நடுவுல இருக்கிற பெட்டிய எல்லாம் எடுத்துட்டு நேரா மாட்டிப் பாருங்க. வேற பிரௌசர்ல போட்டுப் பாருங்க, ஸ்கிரீன் ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர் ஓடினா நிறுத்துங்க. டிவிலயே அந்த ஆப் இருந்தா இந்தத் தலைவலியே வேணாம், அதுலயே பாருங்க.

சத்தம் மட்டும் லேப்டாப்ல வருதுன்னா அதுக்கு பெரிய விளக்கம் வேணாம், ஸ்பீக்கர் ஐகான கிளிக் பண்ணி அவுட்புட்ல டிவி பேரத் தேர்ந்தெடுங்க. அங்க டிவி பேரே இல்லன்னா அளவு சீட்டுல சத்தம் பத்தின பகுதி வரல, அடாப்டரையோ டிரைவரையோ பாருங்க.

மாட்டுற முன்னாடி கரண்டப் பாருங்க

இத நிறைய விளக்கத்துல விட்டுடுறாங்க, நம்ம வீடுகளுக்கு இது முக்கியம். ரெண்டு பின் சார்ஜர்ல லேப்டாப் ஓடுறப்ப உலோக உடம்பத் தொட்டா சில சமயம் சுருக்குன்னு இருக்கும். எர்த் இல்லாததால சார்ஜர்ல இருந்து கசியிற சின்ன மின்சாரம் அது. டிவி பக்கம் கேபிள் கனெக்‌ஷன் ஒயரோ டிஷ் ஒயரோ வழியா மின் அளவு வேற மாதிரி இருக்கும். ரெண்டையும் எச்டிஎம்ஐல சேர்க்கிற அந்த நொடியில வித்தியாசம் அந்த மெல்லிசு பின் வழியா பாயலாம், போர்ட்டே போயிடலாம். அதனால மாட்டுறப்பவும் கழட்டுறப்பவும் சார்ஜரப் பிடுங்கிட்டு பேட்டரில வெச்சுக்கோங்க, டிவியையும் செட் டாப் பாக்ஸையும் சுவிட்ச்ல ஆஃப் பண்ணிக்கோங்க, மாட்டி முடிச்ச பிறகு போடுங்க. மூணு பின் சார்ஜர்னா அந்த பிளக் பாயின்ட்ல எர்த் நிஜமாவே இருக்கான்னு எலக்ட்ரீஷியன் கிட்ட ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. இடி மின்னல் நேரத்துல மாட்டவே மாட்டாதீங்க.

போர்ட்டுதான் போச்சுன்னு எப்ப முடிவு பண்றது

அதே கேபிள், அதே டிவி போர்ட், செட் டாப் பாக்ஸ் போட்டா படம் வருது. உங்க லேப்டாப்ப தெரிஞ்சவங்க வீட்டு டிவிலயோ ஆஃபிஸ் மானிட்டர்லயோ மாட்டினாலும் வரல, டிரைவர் சரியா இருக்கு. அப்ப லேப்டாப் போர்ட்டு மேல சந்தேகம் நியாயம். டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, நாக்கு மாதிரி இருக்கிற பகுதி கோணலா இருக்கா, பின் வளைஞ்சிருக்கா, சொருகினா லொடலொடன்னு ஆடுதா. டைப் சில படம் வர்ற வசதி உங்க லேப்டாப்ல இருந்தா ஒரு அடாப்டர் வாங்கி அப்படியே ஓட்டிக்கலாம், போர்டப் பிரிக்கத் தேவையில்ல. அதுவும் இல்லன்னா, வைஃபை வழியா டிவிக்கு அனுப்புற மிராகாஸ்ட் இருக்கு, டிவிலயும் அந்த வசதி இருந்தா விண்டோஸ் கீயோட கே அமுக்கினா டிவி பேர் வரும், படம் கொஞ்சம் தாமதமா வரும், கேமுக்கு ஆகாது, படம் பார்க்க போதும்.

சர்வீஸுக்கு கொடுக்கிறதா இருந்தா "டிவில வரல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல டிவி பேர் வருதா இல்லையா, எந்தெந்த டிவில மாட்டிப் பார்த்தீங்க, செட் டாப் பாக்ஸ் அதே கேபிள்ல ஓடுதா, இந்த மூணையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க, ஃபார்மட் பண்ணாம போர்ட்ட மட்டும் பார்க்கச் சொல்லுங்க.